இன்னும் ஒரு சாமான் வரோணும்

வாங்க தம்பி, வாங்க. செருப்போடயே வரலாம், வண்டி நிக்கற செட்டுதானே. போன்ல பேசுனது நீங்கதானுங்களே? ஈரோடு. ஆமா ஆமா. வாட்ஸப் குரூப்புல போட்டோ பாத்துட்டு, நேர்ல வண்டியப் பாக்கோணும்னு சொன்னீங்க. நாந்தான் சென்னியப்பன். கார்ல யாரு, ஊட்டுக்காரம்மாங்களா? உள்ள வரச் சொல்லுங்க. வரலீங்களா? செரி, வர்றப்ப வரட்டும். எங்கூட்டுலயும் ஆள் இல்லீங்க. சுலோச்சனா இருந்திருந்தா இந்நேரம் கேட்டுக்குப் போய், கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்திருப்பா. காப்பி நாந்தான் போடோணும். வேனுக்குள்ளயே போட்டுத் தர்றேன், ஏறி உக்காருங்க. பாத்து, படி ஒசரம்.

அதப் புடிச்சு ஏறாதீங்க. தப்பா நெனைக்காதீங்க தம்பி, அந்தக் கைப்பிடி ஒரிஜினல். கதவோட ஓரத்தப் புடிச்சுக்கங்க. ஆங், அப்படித்தான்.

நீங்களும் ஒண்ணு வாங்கறதா இருக்கறீங்க. அம்மிணிக்கு இஷ்டமில்ல. அதுதானுங்களே சங்கதி? கார்ல உக்காந்திருக்கற தினுசுலயே தெரியுது. இந்தப் பழைய டப்பாவுல என்னத்தக் கண்டு ஆம்பளைங்க இப்படிக் கிறுக்குப் புடிச்சு அலையறாங்கன்னு கேட்டிருப்பாங்க. கேட்டாங்களா? டப்பான்னே சொன்னாங்களா? செரி. சின்னப் பொண்ணு, சொல்லட்டும். எங்க தெருவுல ஒருத்தர் அப்படிச் சொன்னாருன்னு நான் அவரு மகன் கல்யாணத்துக்கே போகலைங்க. சுலோச்சனா மட்டும் போயிட்டு வந்தா.

சொல்றேன் கேளுங்க. வாடகைக்குக் காரப் புடிச்சுப் போனா, போற எடம் முக்கியம். பஸ்ஸுல போனா எறங்கற எடம் முக்கியம். இது அப்படி இல்லீங்க. இதுல ஏறி உக்காந்தாலே போதும், போன மாதிரி இருக்கும். இப்ப நீங்க உக்காந்திருக்கறீங்களே, அந்தச் சீட்டு ராத்திரி ஆனா கட்டில். இந்தப் பலகையத் தூக்குனா அடுப்பு. அடுத்த பலகை, கை கழுவற தொட்டி. மேல கூரைய ஒரு தள்ளு தள்ளுனா எந்திரிச்சு நிக்கும், நாம நிமுந்து நிக்கலாம். எல்லாமே கைக்கு எட்டற தூரம். நம்ம பெரிய ஊட்டுல எது நம்ம கைல இருக்குது சொல்லுங்க. செவுரு வெடிச்சா கொத்தனார் வரோணும், அவன் வர மாட்டான். மகள் ஒரு ஊருக்குப் போயிருவா. இதுல எல்லாம் நட்டு போல்ட்டு. கழட்டுனா கழண்டுக்கும், மாட்டுனா மாட்டிக்கும். பாலிடெக்னிக்குல அத்தன வருசம் பசங்களுக்கு டிராயிங் சொல்லிக் குடுத்தேன், ஒருத்தனும் நான் சொன்ன பேச்சுக் கேட்டதில்ல. இது கேக்குமுங்க.

நம்ம குரூப்பப் பாத்தீங்கல்ல. எல்லாரும் பழைய வேன் வெச்சிருக்கறவங்க. டாக்டர் இருக்கறாரு, மில்லுக்காரர் இருக்கறாரு, குன்னூர்ல ஒரு கர்னல் இருக்கறாரு. எவனும் எங்கயும் போனதில்லீங்க. சிரிக்காதீங்க, நெசத்தச் சொல்றேன். கர்னல் மட்டும் அவரு வேனுக்குள்ள படுத்துத் தூங்குவாரு, அவரு ஊட்டு வாசல்லயே. மத்தபடி எல்லாருக்கும் ஏதாவது ஒரு சாமான் வரோணும். ஒருத்தருக்குச் சன்னல் ரப்பர், ஒருத்தருக்கு முன்லைட்டு வளையம். எவனுக்காவது சாமான் வந்து சேந்துருச்சுன்னு வெய்ங்க, போட்டோ எடுத்துப் போடுவான். கொளந்த பொறந்த மாதிரி அத்தன பேரும் வாழ்த்துச் சொல்லுவோம். நல்ல மனுசங்க.

இந்த வண்டி வந்த கதையச் சொல்றேன். ஒரு ஜெர்மன்காரனும் அவன் பொண்டாட்டியும் அவங்க ஊர்லேருந்து ரோட்டு வழியாவே ஓட்டிட்டு வந்த வண்டி இது. துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், அத்தனையும் தாண்டி வந்திருக்குது. வந்து, வால்பாறை ஏறி, ஒரு எஸ்டேட்டுல கொஞ்ச நாள் இருந்தாங்களாம். அப்பறம் வண்டிய அங்கயே உட்டுப்போட்டு ரெண்டு பேரும் ஏரோப்ளேன்ல ஊருக்குப் போயிட்டாங்க. இப்பேர்ப்பட்ட வண்டிய உட்டுட்டுப் போக எப்படித்தான் மனசு வந்துச்சோ, எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கல.

சுலோச்சனாவோட சித்தி மகன் அந்த எஸ்டேட்டுல சூப்பர்வைசரா இருந்தான். அவன் மக பெரிய மனுசி ஆன சீருக்குப் போயிருந்தோம். சாப்பிட்டுட்டுச் சும்மா நடந்தப்ப, தேயிலை மூட்டை போடற செட்டுல இது நிக்குது. டயரு ஒண்ணு இல்ல. பின் சீட்டுல கோழி அடை படுத்திருக்குது. நான் சுத்திச் சுத்திப் பாத்துட்டு இருக்கறேன், இவ முன் கதவத் தெறந்து ஏறி உக்காந்துட்டா. இதுக்கு ஸ்டியரிங்கு எடப்பக்கம் பாருங்க. அப்ப பக்கத்து சீட்டு வலப்பக்கம், நம்மூர்ல டிரைவர் உக்கார்ற எடம். அதுல உக்காந்து, முன் கண்ணாடிய முந்தானைல தொடச்சா. தொடச்சிட்டு, “ஏனுங்க, நான் ஓட்டறாப்புல இருக்குதுங்க”ன்னு சொல்லிச் சிரிச்சா.

தம்பி, அதுக்கு முன்னாடி அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லீங்க. கட்டிட்டு வந்த நாள்லேருந்து எங்கம்மா, எங்கப்பா, என்ற தங்கச்சிக கல்யாணம், அவங்க பிரசவம், அப்பறம் எங்கம்மா கீழ விழுந்து படுக்கையானது. அத்தனையும் அவதான் பாத்தா. பழனியத் தாண்டி அவ எங்கயும் போனதில்ல. அன்னிக்கு அந்தச் சிரிப்பப் பாத்ததும் அங்கயே முடிவு பண்ணீட்டேன். இந்த வண்டியச் செரி பண்ணி, இவள இந்தச் சீட்டுல உக்கார வெச்சு, ஊரெல்லாம் காட்டோணும்.

எங்க போகோணும்னு அவளையே கேட்டேன். யோசிக்கவே இல்லீங்க. “உப்புப் பாலைவனம்”னா. குஜராத்துல இருக்குதாமா. ரைஸ் மில்லுக்காரங்க குடுத்த காலண்டர்ல அந்தப் படம் வந்திருந்துச்சு. கண்ணுக்கெட்டுன தூரம் வெள்ளை வெளேர்னு உப்பு. மாசம் முடிஞ்சும் அந்தத் தாளக் கிழிக்காம அடுப்படிலயே வெச்சிருந்தா. எனக்குத் தெரியவே தெரியாது. செரி, உப்புப் பாலைவனந்தான்னு சொல்லிட்டேன். வார்த்தை குடுத்துட்டேன். இன்னிக்கும் அந்த வார்த்தைய நான் மாத்தல தம்பி, அதையக் குறிச்சுக்கங்க.

வண்டி வந்ததும் மொத வேலையா இந்தச் செட்டப் போட்டேன். வெயில்ல நின்னா ரப்பர் வெடிச்சிரும், மழைல நின்னா தகரம் துருப்புடிச்சிரும். ஊட்டுக்குப் பொறகால எடமில்ல, அதனால பக்கத்துல போட்டேன். அடுப்படிச் சன்னல் மறஞ்சு போச்சு. பகல்லயே இருட்டுங்கறா. லைட்டுப் போட்டுக் குடுத்துட்டேனே, அப்பறம் என்னங்க இருட்டு. அந்த லைட்டுலயே அவ இத்தன வருசமும் சமைச்சா. ஒரு நாள் ஒரு பொழுது குத்தம் சொன்னதில்ல. அப்பேர்ப்பட்ட பொம்பள.

ஆயுத பூசைக்குத்தான் கொஞ்சம் சிரமம். எல்லாரும் வண்டிக்குச் சந்தனம் வெச்சு, மாலை போட்டு, டயருக்கு அடில எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கிட்டு ஒரு ரவுண்டு போவாங்கல்ல. நம்முளுது போகாது. இஞ்சின் கீழ எறங்கி இருக்கும், இல்லீனா கியர் பாக்ஸ் லேத்துக்குப் போயிருக்கும். அதனால தெருக்காரங்களக் கூப்புட்டு முன்னாடி தள்ளி எலுமிச்சம்பழத்த நசுக்கிட்டு, மறுபடி பொறகால தள்ளி உள்ள உட்டுருவோம். சுலோச்சனாதான் பழம் வெப்பா, அவதான் திருஷ்டி சுத்துவா. தள்ளறவங்க எல்லாரும், “என்னங்க்கா, இந்த வருசமாவது உப்புக்குப் போறீங்களா”ம்பாங்க. அவளும் சிரிச்சுட்டே பொரியும் சுண்டலும் குடுப்பா. அதெல்லாம் ஒரு சந்தோசந்தானுங்களே.

காப்பி சக்கரை போதுமா? இந்த அடுப்புத் திருகி இருக்குது பாருங்க, இது ஒரிஜினல் இல்ல. இங்க கணபதி ஏரியாவுல ஒரு லேத்துப் பட்டறைல கடைஞ்சு வாங்குனது. நல்லாத்தான் திருகுது, எரியுது. ஆனா பாக்கப் பாக்க உறுத்தும். ஒரிஜினல்ல ஓரத்துல சின்னதாப் பல்லு இருக்கும். அது ஒண்ணுதான் இன்னும் வரோணும். சொல்லி வெச்சிருக்கறேன்.

போகவே இல்லைன்னு நெனைச்சுப்போடாதீங்க. ஒருக்கா கெளம்புனோம். நெசமாவே கெளம்புனோம். வண்டி அப்ப நல்லா ஓடுச்சு. அவ ஒரு மாசமா அதே வேலையா இருந்தா. புளிச்சோறு கட்டுனா, பருப்புப் பொடி, எட்டு நாளைக்குத் தாங்கற மாதிரி முறுக்கு. பால்காரனுக்கு வேண்டாம்னு சொன்னா. பூனைய எதுத்த ஊட்டு பேபியக்காகிட்ட உட்டா. தெருவே வாசல்ல நின்னுச்சுங்க. பட்டுச் சேலை வேண்டாம்னு நாஞ்சொன்னேன், கேக்கல, கட்டிட்டு வந்து அந்த வலப்பக்கத்துச் சீட்டுல உக்காந்தா. பேபியக்கா கண்ணு வெச்சிரப் போறாங்கன்னு எனக்கே பயமா இருந்துச்சு. அவ்வளவு அழகா இருந்தா.

அவிநாசி தாண்டியிருப்போம். ஒரு சத்தம். டிங்... டிங்...னு. பள்ளம் மேடு ஏறி எறங்கறப்ப எல்லாம் வருது. எனக்கு உசுரே நின்னு போச்சு. இஞ்சினுக்குள்ள என்னமோ உட்டுருச்சுன்னு நெனைச்சேன். ஓரம் கட்டிக் காத வெச்சுக் கேட்டேன், நின்னா வரல, ஓடுனா வருது. சுலோச்சனா சொல்றா, “ஏனுங்க, அடுப்புப் பொட்டிக்குள்ள செம்பு வெச்சிருக்கறேன், அது கரண்டி மேல இடிக்குதாட்ட இருக்குதுங்க.” எனக்குக் கோவம் வந்துருச்சு. இஞ்சினப் பத்தி உனக்கு என்ன புள்ள தெரியும்னு கேட்டேன். நான் மெதுவா வண்டியத் திருப்பி, மத்தியானத்துக்குள்ள ஊட்டுக்குக் கொண்டாந்து சேத்துட்டேன்.

தெருக்காரங்க அப்பத்தான் சாப்பிட்டுட்டு வாசல்ல உக்காந்திருந்தாங்க. இவ பட்டுச் சேலையோட எறங்குனா. யாரையும் பாக்கல, நேரா உள்ள போயிட்டா. நான் அன்னிக்குப் பொழுதோடயே இஞ்சின எறக்கிட்டேன். கொஞ்ச நாளைக்கு அவ வெளியவே வரலீங்க. பூனையக் கூட பேபியக்காதான் கொண்டாந்து உட்டாங்க. பயண அலுப்பாட்ட இருக்குதுன்னு நானும் தொந்தரவு பண்ணல. புளிச்சோறு வீணாப் போகக் கூடாதுன்னு நான் இஞ்சின் வேலைக்கு நடுவுல அதையேதான் சாப்பிட்டேன்.

என்னவா? இஞ்சின்லயா? ஒண்ணும் இல்லீங்க. பூராவும் பிரிச்சுப் பாத்தேன். அப்பறம் ஒரு நாள் அடுப்புப் பொட்டியத் தொறந்தா, செம்பு இருக்குது, கரண்டி இருக்குது. ஆட்டிப் பாத்தேன், அதே சத்தம். அதுக்காக நான் இஞ்சினப் பிரிச்சது தப்புன்னு சொல்ல முடியுமா? பிரிச்சதாலதான் உள்ள ரெண்டு வளையம் தேஞ்சிருந்தது தெரிஞ்சுது. அது ஜெர்மனிலேருந்து வரோணும். வந்து சேர்றதுக்குள்ள மழைக்காலம் வந்துருச்சு, அப்பறம் மகள் உமாராணிக்குப் பிரசவம் வந்துருச்சு, அப்பறம் இவளுக்கு முட்டி வலி வந்துருச்சு. நீங்க ஏறுனீங்களே, அந்தப் படி அவளுக்கு ஒசரமாப் போச்சு. தேக்குல ஒரு முக்காலி செஞ்சு குடுத்தேன், அத மிதிச்சு ஏறிக்கலாம்னு. அந்தா, மூலைல இருக்குது பாருங்க. அழுக்காகிரும்னு துணி போட்டு மூடி வெச்சிருக்கறேன்.

செம்புச் சங்கதிய அவகிட்டச் சொன்னேனான்னு கேக்கறீங்களா? எதுக்குங்க. சொன்னா அவளுக்குச் சங்கடமாப் போயிரும், அவ வெச்ச செம்புதானே.

போன ஆயுத பூசைக்கு வண்டி தானா ஓடி எலுமிச்சம்பழத்த நசுக்குச்சு தம்பி. யாரும் தள்ளல. தெருவே கை தட்டுச்சு. “பொங்கல் கழிச்சுக் கெளம்பறோம், இது சத்தியம்”னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். அவளும் தலைய ஆட்டுனா. பொங்கல் வந்துச்சு. கூரைய முழுசாத் தூக்கிப் பாத்தேன், சும்மா ஒருக்கா. அந்தக் கேன்வாஸ் துணி இருக்குது பாருங்க, அப்ப போட்டிருந்ததுல தையல் நூல் வெள்ளை. ஒரிஜினல்ல சாம்பல் கலர். ஒருத்தருக்கும் தெரியாது, எனக்குத் தெரியுதே. அப்படியே எப்படிக் கெளம்பறது? நூலோட சேத்துத் துணியே வரச் சொல்லிட்டு, அடுப்படிக்குப் போய் அவகிட்டச் சொன்னேன். பீன்ஸ் நறுக்கிட்டு இருந்தா. “கொஞ்சந்தான் புள்ள, சித்திரைல போயிரலாம்”னேன். “செரிங்க”ன்னா. நறுக்கி முடிச்சு, கையக் கழுவிட்டு, எதுத்த ஊட்டுக்குப் போனா.

பேபியக்கா வருசா வருசம் டூர் பஸ்ஸு ஒண்ணு ஏற்பாடு பண்ணுவாங்க. பொம்பளைங்கதான் நெறையப் பேரு. துவாரகை, சோமநாதர், போற வழில இந்த உப்புப் பாலைவனமும் உண்டாமா. இவ அதுல பேர் குடுத்துட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. முடிவு பண்ணீட்டு வந்துதான் சொன்னா. எனக்கு மொதல்ல பக்குனு இருந்துச்சு. அப்பறம் யோசிச்சேன். இதுவும் நல்லதுதான், ரோடெல்லாம் எப்படி இருக்குதுன்னு பாத்துட்டு வந்தான்னா, நாம வேன்ல போறப்ப வழி தெரியும்ல. ஒரு ஒத்திகை மாதிரி. அதையத்தான் அவகிட்டயும் சொன்னேன். அவ இட்லிப் பொடி எந்த டப்பாவுல இருக்குதுன்னு காமிச்சுக் குடுத்துட்டுப் போய்ப் படுத்துட்டா.

பஸ்ஸு ஏத்தி உட நாந்தான் போனேன், பையத் தூக்கிட்டு. படி எறக்கமா இருந்துச்சு, தானா ஏறிட்டா. முன்னாடி சீட்டு. பேபியக்கா பக்கத்துல. அந்த டிரைவர் கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே இஞ்சின ரேஸ் பண்றான், எனக்குத் தாங்கல. சன்னல் கிட்டப் போய், “அவன்கிட்டச் சொல்லு புள்ள, பிளேட் தீஞ்சு போயிரும்”னேன். அவளுக்குக் கேக்கல. உள்ள என்னமோ பேசிச் சிரிச்சிட்டு இருந்தாங்க. பஸ்ஸு நகந்தப்பறம்தான் கைய ஆட்டுனா. எல்லாருமே ஆட்டுனாங்க.

அவ போனதுலேருந்து நான் இங்கதானுங்க படுக்கறது. ஊட்டுக்குள்ள போனா என்னமோ மாதிரி இருக்குது. இந்த அடுப்புலயே சோறு வெச்சுக்கறேன். சோறு கொளஞ்சு போகுது. இட்லிப் பொடி தீந்துருச்சு. அவ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது தம்பி, இதச் சொல்றதுக்கு எனக்கென்ன வெக்கம்.

நேத்து போட்டோ அனுப்புனா. இந்தா பாருங்க. எப்பேர்ப்பட்ட எடம் பாருங்க. பூராவும் உப்பு. செருப்பக் கழட்டிக் கைல வெச்சுட்டு வெறுங்காலோட நிக்கறா. ஆமா, சிரிக்கறா. இருங்க, அதில்ல, இங்க பாருங்க, அவளுக்குப் பொறகால. தெரியுதா? பெருசு பண்ணிக் காட்டறேன். வேன். நம்ம வண்டியேதான், அதே மாடல். பக்கத்துல ரெண்டு நாற்காலி போட்டு ஒரு புருசன் பொண்டாட்டி உக்காந்திருக்கறாங்க. அந்தக் கூரைத் துணில நூல் என்ன கலர்னு பாத்தேன், தெரியல, தூரம். இவள வெட்டிப்போட்டு வேன மட்டும் எடுத்து குரூப்புல போட்டேன். நீங்க பாத்தது அதுதானுங்களே? அது குஜராத்து வண்டிங்க, இது இல்ல. எத்தன பேரு வாழ்த்துச் சொன்னாங்க தெரியுமா? கர்னல் போனே பண்ணீட்டாரு.

பேபியக்காவும் அந்த குரூப்புல இருக்கறாங்களான்னா? அவங்க இல்ல, அவங்க மகன் இருக்கறான். அவனும் ஒண்ணு வாங்கலாம்னு. ஏன், அவன் அவங்கம்மாவுக்குக் காட்டியிருப்பான்னு சொல்றீங்களா? காட்டுனா என்ன, நல்ல போட்டோதானே.

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

ம், சொல்லு... சாப்பிட்டேன், சாப்பிட்டேன்... வேனுக்குள்ளதான் இருக்கறேன்... ஈரோட்டுலேருந்து ஒரு தம்பி வந்திருக்கறாங்க, வண்டி பாக்க... விக்கறதுக்கெல்லாம் இல்ல, சும்மா பாக்க... ம்... ஆமா, போட்டேன். வண்டி தெளிவாத் தெரியோணும்னுதான் அப்படிப் போட்டேன்... இல்ல, நீ இருக்கற போட்டோவும் இருக்குது, என்ற போன்ல இருக்குது... ம்... யாரு, பேபியக்காவா? காசிக்கா? எப்ப? ... அப்ப நீ இங்க வர மாட்டியா? நேரா உமா ஊட்டுக்கா? ... சுலோச்சனா, இதக் கேளு. கேன்வாஸ் வந்துருச்சு. தைச்சு மாட்டியாச்சு. வண்டி ரெடி புள்ள. நீ வந்தீன்னா மறுநாள் வெடியால கெளம்பிரலாம்... நெசமாத்தான்... ஆமா, எல்லாமே ரெடி... எல்லாமேதான். அந்த அடுப்புத் திருகி ஒண்ணு மட்டும் வரோணும், அது பெருசில்ல... ஹலோ... கேக்குதா? ... ம். நானா? பஸ்ஸுலயா? ... ம்... ம்... அதெப்படி புள்ள முடியும்? வண்டிய யாரு பாத்துக்கறது? ஒரு நாள் உட்டு ஒரு நாள் ஸ்டார்ட் பண்ணோணும், இல்லீனா பேட்டரி எறங்கீரும். எலி வந்து ஒயரக் கடிச்சுப்போடும்... ம்... ம்... செரி. செரி.

வெச்சுட்டா.

டூர் நாளைக்கு முடியுதாமா. இங்க வரலீங்க. நேரா ஓசூருக்கு, மகள் ஊட்டுக்குப் போயிட்டு, அங்கிருந்தே காசிக்குப் போறாளாமா, இந்த டூர்காரங்க கூடவே. அவ பக்கத்துல ஒரு சீட்டு காலியா இருக்குதாமா. “நீங்க வாங்க, சன்னலோரம் உங்களுக்கே குடுத்தர்றேன்”னு சொன்னா. பேபியக்கா இன்னிக்குள்ள பேரு கேக்கறாங்களாமா. நான் சொன்னதுதான் நீங்களே கேட்டீங்களே. வண்டிய எப்படி உட்டுட்டு வர்றதுன்னேன். “செரிங்க, நீங்க வண்டியப் பாருங்க”ன்னா. அவ்வளவுதான்.

அவளுக்குக் கோவமே இல்லீங்க. திட்டியிருந்தான்னா பரவால்லீங்க, அந்தத் திட்டுலயே ரெண்டு சட்டைய எடுத்துப் பைல போட்டுட்டுக் கெளம்பியிருப்பேன். பக்கத்து ஊட்டுக்காரங்ககிட்டச் சொல்றாப்புலச் சொன்னா தம்பி. நீங்க வண்டியப் பாருங்க.

போகோணுந்தான். எனக்கும் தெரியுது. இப்பவே கூப்புட்டு, எம்பேரையும் போடச் சொல்லுன்னா ஆச்சு. இந்தா போன் கைலதான் இருக்குது. ஆனா கூப்புட முடியல பாருங்க. கூப்புடலாம்னு எடுத்தா, இந்தக் கதவப் பாக்கறேன், இந்தச் சீட்டப் பாக்கறேன். நான் இல்லீனா ஒரு மாசத்துல இது பழைய மாதிரி ஆயிருமேன்னு தோணுது. இவளுக்காகத்தானுங்க இத்தனையும் பண்ணுனது. அவள உக்கார வெக்கறதுக்குத்தானுங்களே. நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்றது? அழுகையா வருதுங்க எனக்கு.

கெளம்பறீங்களா? அம்மிணி ஆரன் அடிக்கறாங்களாக்கும். போங்க, போங்க. காக்க வெக்காதீங்க. என்னது, நீங்க வாங்கலையா? அதுக்குள்ள முடிவு பண்ணீட்டீங்களா? நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலீங்களே. செரி, உங்க இஷ்டம்.

ஒரு நிமிசம் மட்டும் நில்லுங்க. கதவுகிட்ட நின்னாப் போதும். ஸ்டார்ட் பண்றேன், ஒரே ஒருக்கா கேட்டுட்டுப் போங்க. நல்லா இருக்குதான்னு சொல்லுங்க. ஒத்தைல உக்காந்து கேட்டுக் கேட்டு, எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதுங்க.